தாட்சாயிணியின் காது

அம்பத்தூர் எஸ்டேட்டில் கிட்டார் ஆம்ப் செய்கிற கம்பெனி ஒன்று இருக்கிறது என்று சொன்னால் என் தெருவில் பாதிப் பேர் நம்புவதில்லை. பம்பு செய்வார்கள், நட்டு போல்ட்டு செய்வார்கள், கார் கதவுக்கு ரப்பர் செய்வார்கள். கிட்டார் சத்தத்தைப் பெரிதாக்குகிற பெட்டியைக் கூடவா செய்வார்கள் என்பார்கள். செய்கிறோம். பதினாறு பேர் சேர்ந்து ஒரு நாளைக்குப் பத்துப் பெட்டி. நான் சர்க்யூட் போர்டில் ஈயம் உருக்கிப் பற்றவைக்கிறவள், பெயர் சுதா. ஆனால் இது என் கதை அல்ல, என் பக்கத்து மேசை தாட்சாயிணியின் கதை. நடுவில் நானும் வருவேன். வருகிற இடத்தில் நீங்கள் என்னைத் திட்டினால் அதற்கு நான் பதில் பேசப்போவதில்லை.

தாட்சாயிணிக்கு நாற்பத்தாறு வயது. கொரட்டூர் பழைய ஊர்க்காரி. ஏரிக்குப் போகிற வழியில் அவள் அப்பா பயிர் வைத்த நிலத்தில் இன்றைக்கு நான்கு மாடி அடுக்ககம் நிற்கிறது. அதற்காக அவள் ஒரு நாளும் பெருமூச்சு விட்டதில்லை. அந்த அடுக்ககத்து லிஃப்ட் இரண்டாவது மாடியைத் தாண்டும்போது ஓர் உராய்வு கேட்கிறது, யாராவது எண்ணெய் போடக்கூடாதா என்பதுதான் அவள் கவலை. தெருவில் நடந்துபோகிறவளுக்கு லிஃப்ட் உராய்வது எப்படிக் கேட்கும் என்று கேட்டால், "உனுக்குக் கேக்கலியா?" என்று நம்மையே ஒரு மாதிரி பார்ப்பாள். கணவர் எத்திராஜ் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். ஒரே மகள் தீபிகா கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அந்த வீட்டில் மிக்ஸியின் சத்தம் கொஞ்சம் மாறினால் கூட அன்றைக்கே அது ரிப்பேர் கடைக்குப் போய்விடும்.

கம்பெனியில் அவள் வேலை, செய்து முடித்த ஆம்ப்பை வாசித்துப் பார்த்து முத்திரை வைப்பது. வாசித்து என்று நான் சொல்வது ஒரு மரியாதைக்கு. அவளுக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. மேசையில் ஒரு பழைய சிவப்புக் கிட்டார் கிடக்கும். அதன் ஆறு கம்பிகளையும் மேலிருந்து கீழாக ஒரு தரம் தட்டுவாள், கண்ணை மூடிக்கொண்டு அந்த ஓசை அடங்குகிறவரை கேட்பாள், அவ்வளவுதான். பதினோரு வருஷமாக அதே ஆறு கம்பி. அதிலேயே எந்தப் பெட்டிக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

முதலில் அவள் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிறவளாகத்தான் சேர்ந்தாள். ஒரு நாள் டீ எடுத்துக்கொண்டு போனவள், அப்போதிருந்த இன்ஜினியர் நன்றாக இருக்கிறது என்று ஒதுக்கி வைத்த பெட்டியைத் தாண்டும்போது நின்று, "சார், இது இரையுது" என்றாள். அவருக்குக் கேட்கவில்லை. மனிதர் நல்லவர், கோபப்படாமல் திறந்து பார்த்தார். உள்ளே எர்த் கம்பி ஒன்று தளர்ந்து கிடந்தது. அடுத்த வாரமே அவளைச் சோதனை மேசையில் உட்காரவைத்தார். இரண்டு வருஷம் கழித்து அவர் வேறு வேலைக்குப் போனபோது, சோதிக்கிற முறையை எழுதி வைக்கச் சொன்னார்கள். தாட்சாயிணி தன் குண்டு குண்டான கையெழுத்தில் பதினான்கு வரிகள் எழுதினாள். அதை லேமினேட் செய்து மேசைக்கு மேலே சுவரில் ஒட்டினார்கள். எங்கள் கம்பெனியில் தமிழில் இருக்கிற ஒரே அதிகாரபூர்வமான காகிதம் அதுதான்.

அந்தத் தாளில் ஐந்தாவது வரி, எல்லா நாப்பையும் பன்னிரண்டு மணிக்குக் கொண்டுவர வேண்டும் என்பது. நாப் என்றால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகுகிற குமிழ். அதில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். கடிகார முள் மாதிரி அந்தக் கோடு நேர் மேலே நின்றால் பன்னிரண்டு, வலப்பக்கம் சாய்ந்து படுத்தால் மூன்று மணி. ஆறாவது வரி, அதற்குப் பிறகுதான் சேனல் மாற்றுகிற பட்டனை அழுத்த வேண்டும் என்பது. தாட்சாயிணி அவ்வளவு ஒழுங்குக்காரி. ஒவ்வொரு நாப்பையும் முழுக்க ஏற்றி இறக்கி, கரகரப்பு இல்லை என்று பார்த்து, மறுபடி பன்னிரண்டில் நிறுத்திவிட்டுத்தான் அடுத்த வேலை. பெட்டி பேக்கிங்குக்குப் போகும்போது எல்லாக் கோடுகளும் காலைப் பிரார்த்தனைக்கு நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல நிமிர்ந்து நிற்கும்.

பழைய மாடலுக்கு அது போதும். அதில் இரண்டு சேனல். மெல்லிய சுத்தமான ஓசைக்கு ஒன்று, முறுக்கிய சத்தத்துக்கு ஒன்று. இரண்டுக்கும் தனித்தனி வால்யூம், தனித்தனி பாஸ், தனித்தனி ட்ரெபிள். முன்பக்கம் முழுக்க நாப்பாக இருக்கும். போன வருஷம் புது மாடல் வந்தது. அதில் சுத்தமான ஓசைக்குக் க்ளீன், லேசாக முறுக்க க்ரஞ்ச், நன்றாக முறுக்க லீட் என்று மூன்று மோட். மூன்றுக்கும் சேர்த்து ஒரே வால்யூம், ஒரே பாஸ், ஒரே ட்ரெபிள். லீடுக்கு மட்டும் எவ்வளவு முறுக்கலாம் என்பதற்குத் தனியாக ஒரு கெயின். பட்டனைக் கையால் அழுத்தினாலும் மோட் மாறும், கால் சுவிட்சை மிதித்தாலும் மாறும். மேனேஜர் இளங்கோவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பெட்டி சின்னது, நாப் கம்மி, விலையும் கம்மி" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். பெட்டி மாறியது. சுவரில் இருந்த தாள் மாறவில்லை. அதை மாற்ற வேண்டும் என்று எங்கள் பதினாறு பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

இளங்கோ திருச்சிக்காரர், முப்பத்திரண்டு வயது, பூந்தமல்லிப் பக்கம் அடுக்ககத்தில் இருக்கிறார். கெட்டவர் இல்லை. எங்களை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஆடி மாசம் ஒரு மதியம் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கடைகளிலிருந்து புது மாடலில் ஆறு பெட்டி திரும்பி வந்திருக்கிறது, மோட் மாற்றும்போது டொப்பென்று பெரிய சத்தம் வருகிறதாம், ஆறிலும் தாட்சாயிணியின் முத்திரை இருக்கிறது என்றார். அவளுக்குக் காது மந்தமாகியிருக்குமோ என்று சந்தேகப்பட்டார். அப்படி இருந்தால் சோதனை மேசையை நான் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.

இங்கே நான் மனதில் இருந்ததைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு அந்த மேசை வேண்டும் என்று வெகு நாளாக ஆசை. இருபது வருஷம் ஈயப் புகையில் குனிந்தே இருந்து என் கழுத்து கேள்விக்குறி மாதிரி ஆகிவிட்டது. அவள் மேசை ஜன்னல் ஓரம். நாற்காலிக்கு முதுகு இருக்கிறது. தலைக்கு மேலே தனி ஃபேன். தாட்சாயிணி என் தோழிதான், ஒரே டிபன் பாக்ஸில் கை விட்டுச் சாப்பிடுகிறவர்கள்தான் நாங்கள். ஆனாலும் அந்த ஃபேன் என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் இளங்கோ, திரும்பி வந்த பெட்டிகளில் ஒன்றைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார். "தாளில் இருக்கிறபடியே பாருங்கக்கா" என்றார். அவளும் பார்த்தாள். ஏற்றினாள், இறக்கினாள், பன்னிரண்டில் நிறுத்தினாள், பட்டனை அழுத்தினாள். மோட் மாறியது. ஒரு சத்தமும் இல்லை.

"லேசா ஒரு சத்தம் வருது. கேக்கலையா?" என்றார் இளங்கோ.

அவள் மறுபடி அழுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள். "எனுக்கு ஒண்ணும் கேக்கல சார்."

"சுதாக்கா, உங்களுக்கு?"

எனக்குப் பக்கத்து ஷெட்டின் கம்ப்ரஸர் ஓடுவது கேட்டது. தெருவில் ஒரு லாரி பின்னால் எடுப்பது கேட்டது. ஆம்ப்பிலிருந்து எதுவும் கேட்கவில்லை. ஆனால் நான், "கேட்ட மாதிரிதான் சார் இருந்துச்சு" என்றேன்.

நாலு வார்த்தைப் பொய். வேண்டுமென்று யோசித்துச் சொன்னேன் என்று சொல்லமாட்டேன், தெரியாமல் சொன்னேன் என்றும் சொல்லமாட்டேன். தாட்சாயிணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். சந்தேகமாகப் பார்த்திருந்தால் அங்கேயே வாதம் பண்ணித் தப்பித்திருப்பேன். அவள் பயந்துபோய்ப் பார்த்தாள்.

இளங்கோ ரொம்பக் கனிவாகப் பேசினார். "இத்தனை வருஷம் சத்தத்திலேயே உக்காந்திருக்கீங்க, காதுக்கும் ஓய்வு வேணும்ல" என்றார். ஒன்றாம் தேதியிலிருந்து அவள் பேக்கிங், நான் சோதனை மேசை. அதற்குப் பதினைந்து நாள் இருந்தது.

அந்தப் பதினைந்து நாளில் தாட்சாயிணி தன் காதைத்தான் சோதித்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பின்னால் நிற்கவைத்து இரண்டு விரலைத் தேய்க்கச் சொல்வாள். "இப்ப தேச்சியா? இப்ப?" என்று கேட்பாள். ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னாள். சொன்ன பிறகும் நம்பவில்லை. பட்டரவாக்கம் ஸ்டேஷனில் ஒலிபெருக்கி ஏதோ அறிவித்தால், "இன்னா சொன்னான்?" என்று என் கையைப் பிடித்துக்கொள்வாள். அந்த ஒலிபெருக்கி சொல்வது யாருக்குமே புரிந்ததில்லை, அது வேறு விஷயம். இருந்தாலும் அவள் முகத்தைப் பார்க்க முடியாது.

"ஒரு காது டாக்டரைப் பாரேன்" என்றேன்.

"பாத்தா அவரு எழுதிக் குடுத்துடுவாரு. அப்புறம் அதான் நெசம்னு ஆயிடும்" என்றாள். "எனுக்கு வேற இன்னாடி தெரியும், சொல்லு. படிப்பு இல்ல. கை வேலையும் சுமார்தான். இந்தக் காதை வெச்சிகினுதான் பதினோரு வருசம் இந்த மேசைல கீறேன்."

நான் ஊறுகாய் பாட்டிலை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

புகார்ச் சீட்டுகளை அவள் தினமும் எடுத்துப் படிப்பாள். அதில் ஏழாவதாக ஒன்று இருந்தது. பெட்டி திரும்பி வரவில்லை, போனில் சொன்ன புகார் மட்டும். ஆவடியில் ஒரு சின்னக் கிறிஸ்தவச் சபை, கிட்டார் வாசிக்கிறவர் பெயர் ஜஸ்டின். தாட்சாயிணி அந்த எண்ணுக்குப் போன் போட்டுப் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வரச் சொன்னார் அவர்.

"நீயும் வா" என்றாள் என்னிடம். "உனுக்குத்தான் அந்தச் சத்தம் கேக்குது. எனுக்குக் கேக்கலன்னா, வந்துச்சா இல்லியான்னு நீ சொல்லு. உன் வாயால சொன்னா நம்புறேன்."

இதைவிட ஒரு தண்டனையை எனக்கு யாரும் யோசித்துக் கொடுத்திருக்க முடியாது. சரி என்று தலையாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை அவள் கொரட்டூரில் ரயில் ஏறினாள், நான் திருமுல்லைவாயலில் அதே பெட்டியில் ஏறிக்கொண்டேன். அவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கோயிலோ சபையோ சாமி இருக்கிற இடத்துக்கு வேறு எப்படிப் போவது என்றாள்.

ஜஸ்டின் நாற்பது வயதுக்காரர். வார நாட்களில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். சபை ஒரு வீட்டின் மாடியில், தகரக் கூரையின் கீழ் இருந்தது. எல்லோரும் கிளம்பிய பிறகு பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தவர், எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கம்பெனியிலிருந்து ஆள் வருவார்கள் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை போலிருக்கிறது. இரண்டு பெண்கள் பட்டுப்புடவையும் கைப்பையுமாக வந்து நிற்பதை இன்னும் எதிர்பார்க்கவில்லை.

"பெட்டி நல்ல பெட்டிதான்க்கா. பழக்கம் ஆவறதுக்குத்தான் நாளாச்சு" என்றார். "க்ளீன்ல சத்தம் பத்தாது. ஃபேன் ஓடுது, ஜனம் பாடுது, அதுக்கு மேல கேக்கணும். வால்யூமை மூணு மணிக்கு வெச்சாத்தான் சரியா வரும். லீடுக்கும் அதே வால்யூம்தான், தனியா நாப்பு கெடையாது. அப்பிடியே லீடுக்குப் போனா காது கிழிஞ்சிடும். அதனால லீடு கெயினை அடியில வெச்சிருக்கேன். ட்ரெபிளும் அப்பிடித்தான். க்ளீனுக்குக் கொஞ்சம் ஏத்தணும், லீடுக்கு எறக்கணும், நாப்பு ஒண்ணு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு எடம் புடிச்சி வெச்சிருக்கேன்."

ஒரே செருப்பை இரண்டு பேர் போட்டுக்கொண்டு கடைக்குப் போவதைப் போன்ற பிழைப்புத்தான். ஆனால் மனிதர் அதை அலுத்துக்கொள்ளாமல் சொன்னார்.

"அப்போ கம்ப்ளெயின்ட் இன்னா?" என்றாள் தாட்சாயிணி.

"டொப்புன்னு ஒரு சத்தம்க்கா. போன மாசம் அமைதியா ஜெபம் நடக்குது. ஜெபம் முடிஞ்சதும் பாட்டு எடுக்கணும். நான் மெதுவா கால் சுவிட்சை மிதிச்சேன். முன்னாடி இருந்த ஒரு அம்மா சிலிண்டர் வெடிச்சிடுச்சின்னு எழுந்து வாசலுக்கு ஓடிட்டாங்க. அன்னியிலேருந்து பாஸ்டர் ஐயா இந்தப் பெட்டியை மாத்து, இல்லன்னா கிட்டாரே வேணாம்ங்குறாரு."

தாட்சாயிணி ஆம்ப்பின் முன்னால் தரையிலேயே உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். நான் அவள் பின்னால் சுவரோரம் நின்றேன். அவளுக்குக் கேட்கவில்லை என்றால் நான்தான் சொல்ல வேண்டும். கேட்காத சத்தத்தைக் கேட்டதாகச் சொன்னவள், கேட்கிற சத்தத்துக்குச் சாட்சியாக வந்து நிற்கிறேன்.

"மிதிங்க தம்பி" என்றாள்.

ஜஸ்டின் மிதித்தார். டொப்பென்று ஒரு சத்தம். தகரக் கூரை அதிர்ந்தது. தாட்சாயிணிக்குத் தூக்கிவாரிப்போட்டது, மார்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"இன்னொரு வாட்டி."

மறுபடி டொப்.

"இன்னொரு வாட்டி தம்பி."

ஏழெட்டு முறை மிதிக்கவைத்தாள். அதற்குள் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வாய் சிரிக்கிறது, கண் அழுகிறது. தான் முத்திரை வைத்து அனுப்பிய பெட்டி கெட்டுப்போயிருப்பதைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருத்தியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஜஸ்டின் பாவம், பயந்துவிட்டார்.

"அழாதீங்கக்கா. அவசரமில்ல, மெதுவா ரிப்பேர் பண்ணிக் குடுங்க, போதும்" என்றார்.

"எனுக்குக் காது கேக்குது தம்பி" என்றாள் அவள். அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டதும் அவளுக்கு வேலைப் புத்தி வந்துவிட்டது. கையை நீட்டி வால்யூம் நாப்பைப் பன்னிரண்டுக்குத் திருப்பினாள். "இப்ப மிதிங்க." மிதித்தார். ஒன்றும் இல்லை. ஒன்றரைக்கு வைத்தாள். லேசாக ஒரு தட்டு. மூன்றுக்கு வைத்தாள். டொப். அப்படியே நாப்பின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"சுதா, என் தாளுதாண்டி தப்பு" என்றாள் கடைசியில்.

எனக்கு ரயிலில்தான் விளக்கினாள். பழைய மாடலில் ஒவ்வொரு சேனலுக்கும் தனி வால்யூம்; அதைத் தாண்டிய பிறகுதான் சேனல் மாற்றுகிற இடம். அதனால் வால்யூம் எங்கே நின்றாலும் மாற்றுகிற சத்தம் கூடாது, குறையாது. புது மாடலில் எல்லாவற்றுக்கும் ஒரே வால்யூம், அது மாற்றுகிற இடத்துக்குப் பின்னால் இருக்கிறது. மாற்றுகிற இடத்தில் கெப்பாசிட்டர் என்கிற சின்னப் பாகம் கொஞ்சம் மின்சாரத்தைக் கசியவிட்டால் கூட, அந்தக் கசிவையும் சேர்த்து வால்யூம் பெரிதாக்கும். பன்னிரண்டு மணியில் அவள் காதுக்கே வராது. மூன்று மணியில் சிலிண்டர் வெடிக்கும். வாசிக்கிறவன் எவனும் பட்டனை அழுத்துவதற்கு முன்னால் நாப்பையெல்லாம் நிமிர்த்தி வைக்கமாட்டான். அப்படிச் செய்கிற ஒரே ஆள் தாட்சாயிணிதான்.

"நானே எழுதி நானே ஏமாந்துகினு இருந்திருக்கேன். இதை நாளிக்கு சார் கிட்ட சொல்லணும்" என்றாள்.

"தாளை நீ எழுதுனேன்னு எதுக்குச் சொல்றே? பாகம் சரியில்லன்னு மட்டும் சொல்லு" என்றேன்.

"அது எப்பிடி? தாளு அப்பிடியே இருந்தா அடுத்த பெட்டியும் அப்பிடித்தானே போவும்."

ஆவடியிலிருந்து என் ஸ்டேஷன் இரண்டாவது. அதற்குள் நானும் சொல்லிவிட வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, போகிற வண்டி வருகிற வண்டி எல்லாவற்றின் ஹாரனையும் முகம் மலரக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்னனூர் வந்து போனது. நான் வாயைத் திறக்கவில்லை. திருமுல்லைவாயலில் இறங்கி வீட்டுக்குப் போனேன்.

திங்கள் காலை அவள் இளங்கோவைச் சோதனை மேசைக்குக் கூப்பிட்டாள். திரும்பி வந்த ஆறு பெட்டிகளையும் வரிசையாக வைத்திருந்தாள். வேலையை விட்டுவிட்டு எல்லோரும் கூடிவிட்டார்கள். ஒவ்வொன்றிலும் வால்யூமை மூன்று மணிக்கு ஏற்றிப் பட்டனை அழுத்தினாள். ஆறும் வெடித்தன. நான்காவது பெட்டியில் இளங்கோ ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"காது நல்லாத்தான் கீது சார். நான் எழுதுன தாளுதான் தப்பு" என்றாள். "பழைய பெட்டிக்கு எழுதுனதை வெச்சிகினு புதுப் பெட்டியைப் பாத்துகினு இருந்தேன். இனிமே வால்யூமை மூணுல வெச்சிதான் பட்டனை அமுக்கணும். ஒவ்வொரு மோடுலேருந்தும் மத்த ரெண்டு மோடுக்கும். குடோன்ல கீற பெட்டியையும் பிரிச்சிப் பாக்கணும்."

இளங்கோ சுவரில் இருந்த தாளை ஒரு தரம் படித்தார். பிறகு, "உங்க தப்புன்னு நீங்களே வந்து சொல்றீங்க. நான் என்னத்தைச் சொல்ல?" என்றார். "ஒண்ணாந்தேதி மாத்தறதெல்லாம் வேணாம்க்கா. நீங்களே இருங்க."

அதோடு முடிந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். என் பொய் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். மேசை போனால் போகிறது என்று ஈயப் புகைக்கே திரும்பியிருப்பேன்.

தாட்சாயிணி தலையை ஆட்டினாள். "இல்ல சார். எனுக்கு மூணுல வெச்சதுக்கு அப்புறந்தான் கேட்டுச்சு. சுதாவுக்குப் பன்னெண்டுலயே கேட்டுச்சு. நானும் நேத்தெல்லாம் அதையே யோசிச்சிகினு இருந்தேன். அந்த அளவுக்கு எனுக்குக் காது இல்ல. இந்த மேசைக்கு அவ காதுதான் சரி. அவளையே உக்கார வெய்ங்க. நான் பேக்கிங் போறேன்."

அவள் குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. என் முழங்கையைப் பிடித்து நாற்காலிப் பக்கம் லேசாகத் தள்ளக் கூடச் செய்தாள். எனக்கு அந்த ஃபேன் காற்று முகத்தில் பட்டது.

"எனுக்கு ஒண்ணும் கேக்கல" என்றேன்.

"இன்னாது?"

"அன்னிக்கு எனுக்கு ஒண்ணும் கேக்கல தாட்சு. இந்த மேசை வேணும்னு பொய் சொன்னேன்."

இளங்கோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப எனக்குக் கேட்டது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பக்கத்து ஷெட்டில் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

தாட்சாயிணி நாற்காலியில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று நின்றேன். அறைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் சிவப்புக் கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கம்பியைத் தட்டாமல், மெதுவாகச் சொன்னாள்.

"ரெண்டு வாரமா தீபிகாவை சமையல் ரூம்ல நிக்க வெச்சி ரகசியம் பேசச் சொல்லிக் கேட்டுகினு இருந்தேன். அவ சொன்னதெல்லாம் எனுக்குக் கேட்டுச்சு. ஒண்ணு விடாம கேட்டுச்சுடி. நீ சொன்னதாலதான் அதை நம்பல."

அவ்வளவுதான் சொன்னாள். இன்றுவரை அதைப் பற்றி வேறு ஒரு வார்த்தை பேசியதில்லை.

புதுத் தாள் இப்போது சுவரில் இருக்கிறது. பதினேழு வரிகள். குடோனில் பிரித்துப் பார்த்ததில் இன்னும் பதினொன்று வெடித்தன, எல்லாவற்றுக்கும் கெப்பாசிட்டரை நான்தான் மாற்றினேன். ஜஸ்டினுக்கு வேறு பெட்டி போனது. சாப்பாட்டு நேரத்தில் தாட்சாயிணி என் பக்கத்தில்தான் உட்காருகிறாள். என் டிபன் பாக்ஸிலிருந்து பழைய மாதிரியே பொரியலை எடுத்துக்கொள்கிறாள். என் மகளுக்கு அம்மை போட்டபோது வேப்பிலை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். விரோதம் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் ஏதாவது ஒரு பெட்டியில் அவளுக்குச் சந்தேகம் வந்தால், அவள் என் மேசையைத் தாண்டிக் கடைசி வரைக்கும் நடந்துபோய், பேக்கிங்கில் இருக்கிற நாகம்மாளைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். நாகம்மாளுக்கு ஆம்ப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. கம்பியைத் தட்டி, "கேக்குதா?" என்று அவளிடம்தான் கேட்கிறாள். எனக்கும் அது கேட்கிறது, இரண்டடி தள்ளித்தானே இருக்கிறேன். இப்போது என்னைக் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்வேன். அதை எப்படி அவளிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.